கேள்வி – பதில்: ஆளைக் கொடு என்றால் கொடுத்துவிடுவார்களா?

கேள்வி: 2008 மும்பைத் தாக்குதல் வழக்கில் நாம் தேடிய தஹாவூர் ராணா 2009-லேயே அமெரிக்காவில் பிடிபட்டார். இந்தியா வந்ததோ 2025-இல். இரண்டு நாடும் நண்பர்கள் என்று பேர்! பதினாறு வருடம் எதற்கு? (மதுரை வாசகர்)

பதில்: 2009-இல் பிடித்தது நமக்காக இல்லையே சார். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன்னுடைய வழக்குக்காகத்தான் அவரை சிகாகோவில் கைது செய்தது. 2011-இல் ஜூரி என்ன சொன்னது தெரியுமா? லஷ்கர்-இ-தொய்பாவுக்கு உதவினார், டென்மார்க்கில் ஒரு பத்திரிகை அலுவலகத்தைத் தாக்கும் சதிக்குத் துணை போனார், இந்த இரண்டிலும் குற்றவாளி. மும்பைத் தாக்குதலுக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டில் மட்டும் விடுதலை. நமக்கு வேண்டியதே அந்த மூன்றாவதுதான்! 14 வருடத் தண்டனை பெற்று உள்ளே இருந்தவர், 2020-இல் கொரோனா சமயத்தில் உடல்நிலையைக் காரணம் காட்டி முன்கூட்டியே விடுதலை வாங்கினார். அதே சூட்டில் இந்தியாவின் கோரிக்கையின் பேரில் மறுபடி பிடித்துவிட்டார்கள். ஆக, நம் கணக்கு 2020-இல்தான் ஆரம்பம்.

அப்புறமும் ஐந்து வருடம் இழுத்ததில் பெரும்பங்கு ஒரே ஒரு சொல்லுக்கு. 1997-இல் இரண்டு நாடுகளும் போட்ட ஒப்படைப்பு ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு, அங்கே ஒரு குற்றத்துக்காக விசாரித்து தண்டனையோ விடுதலையோ கொடுத்தாகிவிட்டால், அதே குற்றத்துக்காக ஆளை ஒப்படைக்கக் கூடாது என்கிறது. ராணாவின் வக்கீல்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்: மும்பை விஷயத்தில் விடுதலை ஆனவரை அதே மும்பை விஷயத்துக்காக எப்படி அனுப்பலாம்? மேல்முறையீட்டு நீதிமன்றமோ, ஒப்பந்தத்தில் 'குற்றம்' என்றுதான் இருக்கிறதே தவிர 'செயல்' என்று இல்லை என்றது. செய்த காரியம் ஒன்றாகவே இருக்கலாம். இந்தியா சுமத்தும் போலி ஆவணம், கொலை, நாட்டுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி இவற்றை நிரூபிக்க வேண்டிய கூறுகள் வேறு, எனவே குற்றமும் வேறு. 2024 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இது. 2025 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது, பிப்ரவரியில் மோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரம்ப் அறிவித்தார், ஏப்ரல் 10 அன்று விமானம் டெல்லியில் இறங்கியது. போட்டோவில் வந்தது தலைவர்கள். ஒரு சொல்லுக்காக வருடக்கணக்கில் வாதாடிய அரசு வக்கீல்கள் முகம் எந்தப் போட்டோவிலும் இல்லை. ராணா மீதான குற்றச்சாட்டுகளை இனி இங்கே நிரூபித்தாக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: ராணாவைக் கொடுத்தவர்கள் அவருடைய கூட்டாளி டேவிட் ஹெட்லியை ஏன் கொடுக்கவில்லை? மும்பையில் ஊர் ஊராகச் சுற்றி வேவு பார்த்ததே அந்த ஆள்தானே? (நாகர்கோவில் வாசகி)

பதில்: அவர்தான். ஆனால் பிடிபட்டதும் பேரம் பேசிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், பதிலுக்கு மரண தண்டனை கூடாது, இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் டென்மார்க்குக்கும் அனுப்பக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். 35 வருடத் தண்டனை. நமக்குக் கிடைத்தது 2016 பிப்ரவரியில் மும்பை நீதிமன்றத்துக்கு வீடியோ வழியாக அவர் சொன்ன சாட்சியம். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் ராணாவுக்கு எதிரான வழக்கே பெருமளவு ஹெட்லி வாயைத் திறந்ததால் வந்தது.

கேள்வி: இன்டர்போல் ரெட் கார்னர் நோட்டீஸ் விட்டால் எந்த நாட்டிலும் பிடித்தாக வேண்டும்தானே? (ஈரோடு வாசகர்)

பதில்: இல்லை. அது பிடிவாரண்ட் அல்ல, 'இந்த ஆளைத் தேடுகிறோம்' என்று ஊருக்கெல்லாம் சொல்லும் தகவல். பிடிப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டுச் சட்டம். அரசியல், ராணுவம், மதம், இனம் சார்ந்த விவகாரம் என்று பட்டால் இன்டர்போல் நோட்டீஸே விடாது.

கேள்வி: புரூலியாவில் விமானத்திலிருந்து ஆயுதம் போட்ட டென்மார்க்காரர் இன்னும் அவர் ஊரில் சுகமாக இருக்கிறாராமே? (விழுப்புரம் வாசகர்)

பதில்: 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புரூலியாவில் நள்ளிரவில் ஏகே-47 துப்பாக்கிகள் பாராசூட்டில் இறங்கின. பிறகு அந்த விமானத்தை மும்பையில் இறக்கி மற்றவர்களைப் பிடித்தார்கள், கிம் டேவி என்ற பெயரில் வந்த நீல்ஸ் ஹோல்க் மட்டும் விமான நிலையத்திலிருந்தே நழுவிவிட்டார். 2010-இல் டென்மார்க் அரசு அனுப்பச் சம்மதித்தது, நீதிமன்றம் தடுத்தது. காரணம், இந்தியச் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம். கோபத்தில் நாம் டென்மார்க் தூதர்களோடு பேச்சையே குறைத்துக்கொண்டோம்; நீதிபதிக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. புதிய உத்தரவாதங்களோடு மறுபடி கேட்டு, 2024 ஆகஸ்டிலும் அதே பதில்.

அவமானமாக இருக்கிறது என்று பலர் எழுதுகிறீர்கள். இருக்கட்டும், ஆனால் லண்டனில் நடந்ததையும் பாருங்கள். தொழிலதிபர் மல்லையாவை ஒப்படைக்கச் சொல்லி நாம் கேட்ட வழக்கு பயங்கரவாத வழக்கு அல்லதான், இருந்தாலும் 2018-இல் அங்கே நீதிபதி மும்பை ஆர்தர் ரோடு சிறை அறையை, பட்டப்பகலில், ஜன்னலும் வெளிச்சமும் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். நாமும் எடுத்து அனுப்பினோம்! 'எங்கள் சிறை நன்றாக இருக்கிறது' என்று வெளியுறவுத் துறை எழுதும் கடிதத்தைவிட அந்த ஜன்னல்தான் அங்கே பேசுகிறது.

கேள்வி: 1993 மும்பை குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். அதில் ஆயுள் தண்டனை பெற்ற அபு சலேம் 25 வருடத்தில் வெளியே வந்துவிடுவாராம். இது என்ன நியாயம்? (சென்னை வாசகர்)

பதில்: நாம் கொடுத்த வாக்கு. 2002 செப்டம்பரில் லிஸ்பனில் பிடிபட்டபோது போர்ச்சுகலோடு நமக்கு ஒப்படைப்பு ஒப்பந்தமே கிடையாது. அங்கே மரண தண்டனையும் இல்லை, 25 வருடத்துக்கு மேல் சிறையும் இல்லை. அதனால் அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி, தூக்கும் கிடையாது, 25 வருடத்தைத் தாண்டியும் வைத்திருக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் இல்லையென்றால் ஆள் வந்திருக்கவே மாட்டார், 2005 நவம்பரில் வந்தார்.

வந்த பிறகு இங்கே, ஒப்படைக்கும்போது ஒத்துக்கொண்டதற்கு மேல் கூடுதல் குற்றச்சாட்டுகள் சேர்த்தார்கள். சலேம் தரப்பு லிஸ்பனுக்கே போய்ப் புகார் செய்தது, 2011-இல் அங்குள்ள உயர் நீதிமன்றம், நிபந்தனையை மீறிவிட்டார்கள் என்று சொல்லி ஒப்படைத்ததையே ரத்து செய்துவிட்டது. ஆள் நம் கையில் இருந்ததால் தப்பித்தோம். ஆனால் அடுத்த முறை ஐரோப்பாவில் எந்த நீதிமன்றத்திலாவது 'உத்தரவாதம் தருகிறோம்' என்று நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தீர்ப்பாகத்தானே இருக்கும்?

2017-இல் ஆயுள் தண்டனை வந்தபோது பழைய காகிதம் மறுபடி மேசைக்கு வந்தது. அரசு கொடுத்த வாக்கு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அரசைக் கட்டுப்படுத்தும் என்றது நம் உச்ச நீதிமன்றம், 2022 ஜூலையில். 25 வருடம் முடிந்ததும் விடுதலைக்கான ஆலோசனையை மத்திய அரசு குடியரசுத் தலைவருக்குக் கொடுத்தாக வேண்டும். 2002-இல் லிஸ்பனில் பிடித்த நாளிலிருந்து எண்ணுங்கள் என்றார் சலேம். அது அந்த ஊர் வழக்குக்கான சிறை, சேராது என்று சொல்லிவிட்டார்கள். எண்ணிக்கை, அந்த ஊர் வழக்கிலிருந்து அவர் விடுபட்ட 2005 அக்டோபர் 12-இல் தொடங்குகிறது. மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.