சென்னையில் இன்று விமானம் எந்தப் பக்கமிருந்து இறங்கும்?

கேள்வி: என் மகனுக்கு விமானங்களைப் படம் எடுப்பதில் பெரும் ஆர்வம். ஒரு கோடைக் காலையில் பரங்கிமலைப் பக்கம் நின்று, தரையிறங்கும் விமானங்களை அருகிலிருந்து எடுத்தோம். அடுத்த வாரம் பிற்பகலில் அதே இடத்துக்குப் போனால், அவை எல்லாம் மேற்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு விமானிகளின் வானொலிப் பேச்சைக் கேட்கும் ஸ்கேனர் போன்ற கருவி எதுவும் தேவையில்லை. காற்று எங்கிருந்து வீசுகிறது என்று தெரிந்தால் போதும்.

மீனம்பாக்கத்தில் 3,658 மீட்டர் நீளமுள்ள முதன்மை ஓடுபாதைக்கு 07, 25 என்று இரண்டு பெயர்கள். காந்தத் திசையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கியதுதான் அந்த எண். 07 என்றால் விமானம் ஏறத்தாழ 70 பாகையை, அதாவது கிழக்கை நோக்கி இறங்குகிறது. ஆகவே அது மேற்கிலிருந்து வரும். 25 என்றால் நேர்மாறாக, பரங்கிமலைப் பக்கமிருந்து வரும். அடையாற்றின் மேல் பாலமிட்டு நீட்டப்பட்ட 12/30 என்ற இரண்டாவது ஓடுபாதையும் உண்டு; ஆனால் பெரும்பாலான பயணிகள் விமானங்கள் முதன்மைப் பாதையையே பயன்படுத்துவதால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

விமானி எதிர்க்காற்றில் இறங்கவே விரும்புவார். காற்றின் ஊடாக 135 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் வரும் விமானம், 9 நாட் எதிர்க்காற்றில் தரையை 126 நாட் வேகத்தில் தொடும்; அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 144 நாட் வேகத்தில் தொடும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் கூடுவதால், பிரேக்குகளும் மற்ற கருவிகளும் தணிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 30 சதவீதம் அதிகமாகிவிடுகிறது. பல பயணிகள் விமானங்களுக்குப் பின்காற்றின் உச்சவரம்பே 10 நாட்தான், சிலவற்றுக்கு 15.

இனி நடைமுறைக்கு வருவோம். 'மெட்டார்' எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கை அரை மணிக்கு ஒருமுறை வெளியாகிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதிலுள்ள நேரம் உலகப் பொது நேரம் என்பதால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். காற்றைச் சொல்லும் தொகுதி ஐந்து இலக்கம் கொண்டது: 11012 என்றிருந்தால், 110 பாகையிலிருந்து 12 நாட் வேகத்தில் வீசுகிறது என்று பொருள். காற்று 340 பாகையிலிருந்து வடக்கு, கிழக்கு வழியாக 160 வரையுள்ள பாதி வட்டத்திலிருந்து வந்தால் 07. மற்ற பாதியிலிருந்து வந்தால் 25. மெட்டார் உண்மை வடக்கைக் கணக்கில் கொள்கிறது, ஓடுபாதை எண்ணோ காந்த வடக்கைக் கொள்கிறது என்று உங்கள் மகன் மடக்கினால், சென்னையில் அந்த வேறுபாடு ஓரிரு பாகைதான் என்று சொல்லிவிடுங்கள்.

கைபேசியின் வானிலைச் செயலியை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். அதன் அம்புக்குறி பெரும்பாலும் காற்று போகும் திசையைக் காட்டும். மெட்டாரின் எண் அது வரும் திசையைச் சொல்லும். திசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எதிர் முனையில் போய் நிற்கும் ஆர்வலர்கள் பலர்.

உங்களுக்கு நேர்ந்ததற்குக் காரணம் கடற்காற்று என்றே கருதுகிறேன். கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று வீசும். அப்போது 25 பயன்பாட்டில் இருக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே புகுந்ததும் திசை 07-க்கு மாறும். வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலும் நாள் முழுவதும் 07 என்றே எதிர்பார்க்கலாம்.

காற்று 5 நாட்டுக்குக் கீழே இருந்தாலோ 160, 340 என்ற எல்லைகளை ஒட்டி வீசினாலோ மேற்சொன்ன கணக்கு உதவாது. கட்டுப்பாட்டாளர்கள் போக்குவரத்து நெரிசலைப் பார்த்து முடிவு செய்வார்கள். காற்று திரும்பிய பிறகும், வரிசையில் நெருங்கிவிட்ட விமானங்கள் இறங்கும்வரை பழைய திசையே தொடரலாம். ஆகவே கிளம்பும்போது ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் கடைசியாக இறங்கிய இரண்டு விமானங்களின் தடத்தையும் பார்த்துவிடுங்கள். அது இந்த நொடியின் நிலவரத்தை மட்டுமே காட்டும் என்பதால், பிற்பகலுக்குத் திட்டமிட 'டாஃப்' என்னும் முன்னறிவிப்பே மேலானது. அதிலும் காற்று அதே ஐந்து இலக்கத்தில்தான் இருக்கும்.

திசை மாறிவிட்டாலும் பரங்கிமலைப் பக்கம் போனது வீண் அல்ல: 07 நடப்பில் இருந்தால் புறப்படும் விமானங்கள் அந்தப் பக்கமாகத்தான் மேலேறும், சற்று உயரத்தில். விமான நிலையச் சுற்றுச்சுவரை ஒட்டி மட்டும் நிற்காதீர்கள். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.