மூக்கில் டியூப் போட்டதும் பேதி: குடல் கெட்டுவிட்டதா?

கேள்வி: கணைய அழற்சியால் அப்பா (62) ஐ.சி.யூ.வில் இருக்கிறார். ஒன்பது நாள் டிரிப்ஸ் வழியாகத்தான் உணவு. நேற்றிலிருந்து மூக்கு வழியே சிறுகுடலுக்கு டியூப் போட்டு மணிக்கு 20 மில்லி கொடுக்கிறார்கள். நாலு முறை பேதியாகிவிட்டது. சும்மா கிடந்த குடல் அழுகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பழையபடி டிரிப்ஸே போதும் என்று கேட்கலாமா? குளுட்டமைன் பவுடர் வாங்கி வைத்திருக்கிறேன். கஞ்சி கொடுக்கலாமா?

பதில்: குடல் அழுகவில்லை. கொஞ்சம் மெலிந்திருக்கும், அவ்வளவுதான்.

மற்ற உறுப்புகள் ரத்தத்தில் வருவதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். குடலின் உட்பக்கச் செல்களோ, தம்மைக் கடந்து போகும் உணவிலிருந்தே பெரும்பங்கை எடுத்துக்கொள்பவை. சிறுகுடல் செல்லுக்கு முக்கிய எரிபொருள் குளுட்டமைன் என்ற அமினோ அமிலம். பெருங்குடல் செல்லுக்கு, நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம். டிரிப்ஸ் பையில் குளுக்கோஸும் கொழுப்பும் அமினோ அமிலமும் இருந்தாலும் குடலின் உட்புறம் பட்டினிதான். அதனால் உணவை உறிஞ்சும் குடல்விரல்கள் குட்டையாகின்றன. ஆனால் இந்தச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதிதாக மாறுபவை. உணவு பட்டால் திரும்ப வளரும். அந்த 20 மில்லி வயிறு நிறைய அல்ல, குடலை எழுப்பத்தான். டிரிப்ஸுக்குத் திரும்பச் சொல்லாதீர்கள்.

பேதிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கோ, சிரப் மருந்துகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டாலோதான் காரணம். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பேதியை அல்ல, வயிற்றை. உணவு வந்ததும் குடல் செல்லின் ஆக்சிஜன் தேவை கூடும். பி.பி. சரிந்து அதை ஏற்றும் மருந்து ஓடும் நேரத்தில் குடலுக்குப் போகும் ரத்தமோ குறையும். வேலை கூடி வரவு குறைந்தால் குடல் உண்மையிலேயே செத்துப்போகலாம். அரிதுதான், ஆனால் சில மணி நேரத்தில் முற்றிவிடும். வயிறு மத்தளம்போல் உப்பி இறுகினால், தொட்டதும் முகம் சுளித்தால், வாந்தி வந்தால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஃபீடை நிறுத்தச் சொல்லுங்கள்.

பவுடரைத் தொடாதீர்கள். குடலுக்கு எரிபொருள் என்றதும் அள்ளிக் கொட்டிவிட முடியாது. பல உறுப்புகள் செயலிழந்த 1,200-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ. நோயாளிகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், குளுட்டமைன் பெற்றவர்களிடையேதான் இறப்பு அதிகம். 'இயற்கையானது' என்று டப்பாவில் போட்டிருப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

கஞ்சியும் வேண்டாம். டியூப் சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான். கஞ்சியோ பொடித்த மாத்திரையோ அடைத்துக்கொள்ளும். இரைப்பைபோல் சேர்த்துவைக்கும் இடமும் சிறுகுடலில் கிடையாது. 200 மில்லியை ஒரேயடியாக ஏற்றினால் வலியும் பேதியும்தான் மிச்சம். நாலு மணிக்கொரு முறை 30 மில்லி தண்ணீர் விட்டு அலசுவார்கள். அதற்கும் 50 மில்லி சிரிஞ்சுதான். சின்ன சிரிஞ்சின் அழுத்தத்தில் டியூப் வெடிக்கலாம். மூக்கருகே டியூபில் போட்டிருக்கும் மார்க் நகர்ந்திருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள்.