வாசகர் கேள்வி – பதில்: பண்டிகைக்கு மிஞ்சிய கோழியும் மறுநாள் இரவுச் சாப்பாடும்

கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு பிறப்பதற்குள் வரும் கடிதங்கள் பெரும்பாலும் பலகாரத்தைப் பற்றியவையாக இருக்கும். இந்த முறை மிஞ்சிய கோழியைப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, கிறிஸ்துமஸுக்கு இரண்டு முழுக்கோழி ரோஸ்ட் செய்தோம். வந்தவர்கள் பிரியாணியிலேயே நிறைந்துவிட்டதால் ஒரு கோழிக்கு மேல் அப்படியே ஃபிரிட்ஜில் இருக்கிறது. மறுபடி சூடாக்கினால் சக்கையாகிவிடுகிறது; ஒரு பழைய வாடையும் வருகிறது. புதிதாக ஓவன் வாங்கியிருக்கிறோம். ஐந்து பேர் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடும்படி அதில் ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முடியும். கோழியைத் தேங்காய்ப்பால் சாஸில் கலந்து, மேலே மசித்த உருளைக்கிழங்கை மூடிபோலப் பரப்பி ஓவனில் வைத்து எடுக்கலாம். அதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்களிடம் இருப்பது ஏற்கெனவே வெந்த இறைச்சி. அதை இன்னொரு முறை வேகவைக்க வேண்டியதில்லை, சூடேற்றினால் போதும். ஈரம் முழுவதும் சாஸிலிருந்து வர வேண்டும், சிவப்பு நிறம் முழுவதும் மேல்மூடியிலிருந்து வர வேண்டும், கோழி இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். நெஞ்சுக்கறி சக்கையாவதற்குக் காரணம், முதல் முறை வெந்தபோதே தன் நீரில் பெரும்பகுதியை இழந்துவிட்ட தசை, இரண்டாம் முறை திறந்த சூட்டில் மிச்சத்தையும் இழப்பதுதான். தொடைக்கறியில் இருக்கும் இணைப்புத்திசு வெந்து கூழாகிப் பிசுபிசுப்பாக நிற்பதால் அது கொஞ்சம் தாங்கும்.

அந்தப் பழைய வாடை எப்போதும் கெட்டுப்போனதன் அறிகுறி என்று எண்ண வேண்டாம். கோழிக் கொழுப்பு காற்றுப் பட்டால் எளிதில் சிக்குப் பிடிக்கும் வகை. வெந்த இறைச்சியில் இருந்து விடுபடும் இரும்புச்சத்து அதை இன்னும் விரைவுபடுத்துகிறது. ஆகவே இறைச்சியைத் திறந்தபடி ஃபிரிட்ஜில் வைக்காமல், எலும்பிலிருந்து பிரித்து, இறுக மூடும் பாத்திரத்தில் கொஞ்சம் குழம்போ எலும்புச்சாறோ ஊற்றி வையுங்கள். காற்றுப் படுவது குறைந்தால் வாடையும் குறையும். வாடை வராமலிருக்கிறது என்பதற்காக அதிக நாள் வைத்துவிடவும் கூடாது. அதைப் பற்றிக் கீழே வேறொரு கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சமையல். ஐந்து பேருக்கு, எலும்பு நீக்கிய கோழி சுமார் 400 கிராம் போதும். கத்தியால் சிறு சதுரங்களாக வெட்டுவதைவிட, கையால் நார் வாட்டத்தில் பெரிய துண்டுகளாகப் பிய்ப்பது நல்லது. தோலைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எலும்புகளைக் கொட்டிவிடாதீர்கள்: பத்துச் சின்ன வெங்காயம், இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, ஒரு துண்டு இஞ்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றுடன் எலும்புகளைக் குக்கரில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து இருபது நிமிடம் வைத்தால் நல்ல சாறு இறங்கும். இந்தச் சாறுதான் உணவின் உயிர். கடையில் விற்கும் சூப் கட்டிகளைப் போட்டு இதைச் சரிக்கட்ட முயல வேண்டாம். ரோஸ்டில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் எல்லாம் சேர்ந்து கரித்துவிடும்.

சாஸுக்கு, தேங்காய்ப்பாலில் காய்கறி சேர்த்துச் செய்யும் நம் ஊர்ச் சொதியின் இரண்டு பழக்கங்களை எடுத்துக்கொள்கிறேன். சொதி சைவ விருந்துக்குரியது. மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் பரிமாறும் அந்த உணவில் கோழியைச் சேர்க்கச் சொல்லவில்லை. முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குவதும், இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவதும் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியவை, அவை இரண்டும் இங்கே அப்படியே பயன்படும். 40 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே எடை மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் பச்சை வாசனை மட்டும் போகும்படி சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் வறுங்கள். ஆறிய எலும்புச்சாறு 300 மில்லியைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி மூன்றையும் தனியே முக்கால் பதம் வேகவைத்து இதில் சேர்த்து, கெட்டியானதும் தேங்காயின் முதல் பால் 200 மில்லியை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியவுடன் இறக்கிவிடுங்கள். தேங்காய்ப்பாலுக்கு மைதா ஒரு பிடிமானம் கொடுப்பதால் அது எளிதில் திரியாது. என்றாலும் தளதளவென்று கொதிக்க விட வேண்டாம். இறக்கிய பிறகு கோழியைச் சேருங்கள், அரை மூடி எலுமிச்சையைப் பிழியுங்கள், அதன்பின் உப்புப் பாருங்கள். உப்பை முதலிலேயே போடாதீர்கள்.

மேல்மூடி உருளைக்கிழங்கு. முக்கால் கிலோ கிழங்கை உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் தொடங்கி வேகவைத்து, நீரை வடித்து, வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் சூடுகாட்டி ஈரத்தைப் போக்கிவிட்டு, சூடாக இருக்கும்போதே கரண்டியால் மசியுங்கள். மிக்ஸியில் அடிக்கக் கூடாது. கிழங்கின் செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளியேறி, முழுவதும் பசையாகிவிடும். வெண்ணெய் 30 கிராம், சூடான பால் கால் டம்ளர், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் மிருதுவாகவும் இருக்கும், நன்றாகச் சிவக்கவும் செய்யும். சீஸ் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அது தேங்காய்ப்பாலின் மணத்தை அமுக்கிவிடுவதாகத் தோன்றுகிறது.

ஆழமில்லாத, அகலமான பாத்திரத்தில் சூடான கோழிக் கலவையைப் பரப்பி, அதன் மேல் கிழங்கை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பரப்பி, முள்கரண்டியால் வரிவரியாகக் கீறிவிடுங்கள். அந்த வரிகளின் முகடுகள்தாம் முதலில் சிவந்து மொறுமொறுப்பாகும். முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் வைத்தால், ஓரங்களில் சாஸ் குமிழியிடும். கடைசி ஐந்து நிமிடம் மேல்கம்பியை மட்டும் எரியவிடுங்கள். கலவையைக் காலையிலேயே செய்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் இந்த நேரம் போதாது. 45 நிமிடம் வரை ஆகலாம், நடுவில் கத்தியை நுழைத்து எடுத்து அது சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே ஓவனுக்குள் வைத்துவிடாதீர்கள். திடீர் வெப்ப மாற்றத்தில் அது விரிசல்விடும். அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

எடுத்து வைத்த தோலைப் பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் முறுக விட்டு மேலே தூவுங்கள். தொட்டுக்கொள்ளச் சொதிக்கு வைக்கும் அதே இஞ்சிப் பச்சடியை வையுங்கள். கொழுப்பும் பாலும் கிழங்கும் சேர்ந்த உணவுக்கு அந்தப் புளிப்பும் உறைப்பும் அவசியமாகவே இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் மிஞ்சியது ரோஸ்ட் அல்ல, நாட்டுக்கோழிக் குழம்பு. கூடவே இரவு வாங்கிய பரோட்டாவும் ஆறு இருக்கிறது. கொத்துப் பரோட்டா போட்டு அலுத்துவிட்டது. மதினி ஓவனில் ஏதாவது செய்யலாம் என்கிறாள்.
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் மதினி சொல்வது சரியான யோசனை. குழம்பு இருக்கும்போது வெள்ளைச் சாஸ் வேண்டாம்; புளியும் தக்காளியும் உள்ள குழம்பில் பாலைச் சேர்த்தால் திரிந்துவிடும். துண்டுகளை எடுத்து எலும்பு நீக்கி வையுங்கள். குழம்பை மட்டும் அகலமான சட்டியில் கொதிக்கவிட்டு, கரண்டியின் முதுகில் ஒட்டும் அளவு சுண்ட வையுங்கள். விருந்து முடிந்த மறுநாள் மிஞ்சிய குழம்புகளையும் கறிகளையும் சேர்த்துச் சுண்டக்கறி வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் வெகு நாளாக இருக்கிறது. பலருக்கு விருந்தைவிடச் சுண்டக்கறி பிடிக்கும். இங்கேயும் சுவை அப்படித்தான் இறுகுகிறது. நாட்டுக்கோழி பிராய்லரைவிடக் கெட்டியாக இருப்பதால், துண்டுகள் இன்னும் மெல்லக் கடினமாக இருந்தால், இந்த ஒரு இடத்தில் மட்டும் அவற்றைக் குழம்போடு பத்து நிமிடம் மூடி வேகவிடுவதில் தவறில்லை.

பிறகு பரோட்டாக்களை உள்ளங்கை அகலத்துக்குப் பிய்த்து, வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஒரு அடுக்கு, அதன் மேல் சுண்டிய கறி, மேலே நீளவாக்கில் அரிந்து வதக்கிய வெங்காயம், மறுபடி பரோட்டா என்று மூன்று அடுக்கு வரும்படி வையுங்கள். நான்கு முட்டைகளை மிளகும் சிட்டிகை உப்பும் சேர்த்து அடித்து, எல்லா இடத்திலும் இறங்கும்படி ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, 180 டிகிரியில் அரைமணி நேரம் வையுங்கள். நடுவில் முட்டை முழுவதும் இறுகியிருக்க வேண்டும். அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் துண்டு உதிராமல் வரும்.

கேள்வி: ஓவன் இல்லாதவர்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகர், களக்காடு

பதில்: உள்ளே இருப்பவை எல்லாம் ஏற்கெனவே வெந்தவை என்பதால் உங்களுக்கு இது எளிது. அடி கனமான, நல்ல மூடியுள்ள பாத்திரத்தில் ஒரு அங்குலம் மணலோ கல்லுப்போ பரப்பி, அதன் மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு உணவுப் பாத்திரத்தை அந்த வளையத்தின் மேல் வைத்து, மிதமான தீயில் 40 நிமிடம் விடுங்கள். குக்கரைப் பயன்படுத்தினால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். நன்றாக இருக்கும் குக்கரை இதற்குக் கெடுக்க வேண்டாம், பழையதே போதும். மேல்பக்கம் மட்டும் சிவக்காது. அதற்கு ரொட்டித்தூளை வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பரிமாறும்போது தூவிக்கொள்ளலாம். வீட்டு வெளியில் விறகடுப்பு இருக்குமானால், தட்டையான இரும்பு மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டைத் தணலைப் பரப்பிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். மேல்சூடு கிடைத்துக் கிழங்கு சிவக்கும்.

கேள்வி: எங்கள் ஆச்சி கறிக்குழம்பை இரவில் ஒரு கொதி விட்டு அடுப்படியிலேயே மூடி வைப்பார்கள், காலையில் மறுபடி கொதிக்க வைப்பார்கள். எங்களுக்கு எதுவும் ஆனதில்லை. ஃபிரிட்ஜ் அவசியம்தானா? எத்தனை நாள் வைக்கலாம்?
— ஒரு வாசகி, நாசரேத்

பதில்: அவசியம். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் ஆச்சி செய்தது இருந்தவற்றுள் நல்ல வழி. புளியும் உப்பும் அதிகமுள்ள, நன்றாகச் சுண்டிய குழம்பில் கிருமிகள் பெருகுவதும் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் கொதி எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை. இறைச்சியில் இருக்கும் சில கிருமிகளின் வித்துகள் கொதிநிலையைத் தாங்கிக்கொண்டு, குழம்பு மெல்ல ஆறும் வெதுவெதுப்பில் விழித்துப் பெருகும். வேறு சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு, காலையில் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம்தான் ஆபத்தானது. நம் ஊர் அடுப்படி மார்கழியிலும் அதற்குள்தான் இருக்கிறது. பெரியவர்களும் சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இதைப் பழக்கத்தின் பொறுப்பில் விடக் கூடாது என்று அன்போடு வலியுறுத்துகிறேன்.

சமைத்த கோழி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். பெரிய பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி ஆறவே வெகு நேரமாகும். தட்டையான சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். நாளைக் கணக்கிடும்போது சமைத்த நாளிலிருந்து தொடங்குங்கள். சூடேற்றும்போது நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும்; வெப்பமானி இல்லாவிட்டால், நடுவிலிருந்து எடுத்த கரண்டியில் ஆவி பறக்க வேண்டும். அப்படிச் சூடேற்றியதில் மீண்டும் மிஞ்சினால் அதை இன்னொரு முறை சேமிக்காதீர்கள். மிஞ்சுவதைத் தவிர்க்க, அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் பிரித்தெடுத்துச் சமைப்பது உத்தமம்.

கேள்வி: பிள்ளைகள் பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருகிறார்கள். அதுவரை இந்தக் கோழியை வைத்திருந்து அவர்களுக்குச் செய்து கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, தென்காசி

பதில்: ஃபிரீசரில் என்றால் தாராளமாக வைக்கலாம். சமைத்த மறுநாளுக்குள் வைத்துவிடுங்கள். செய்து முடித்த உணவாக வைக்க வேண்டாம். தேங்காய்ப்பால் சாஸ் உறைந்து உருகும்போது நீர் பிரிந்து திரிதிரியாக நிற்கும். எலும்பு நீக்கிய கறியை எலும்புச்சாற்றில் மூழ்கும்படி, ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து, மேலே தேதி எழுதி வையுங்கள். சாறு காற்றைத் தடுப்பதால் பொங்கல் வரை சுவை குறையாது. சமைக்கப்போகும் நாளுக்கு முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிட்டு, அந்தச் சாற்றை ஒரு கொதி விட்டுச் சாஸுக்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள். அவசரமென்று சமையல் மேடையில் வைத்து உருக விடாதீர்கள்.