கிறிஸ்தவக் கல்லூரிகளில் டிசம்பரில் செய்யும் சமூக சேவையால் உண்மையில் யாருக்காவது பயன் உண்டா?

"கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். டிசம்பர் வந்தால் கேரல், விருந்து, முதியோர் இல்லம், கிராமச் சேவை என்று பெரிய பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். இதனால் யாருக்காவது பயன் உண்டா, இல்லை வருடா வருடம் நடக்கும் ஒரு சடங்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. ஆனால் நாங்கள் டிசம்பரில் சேர்த்த பணத்தின் பயனை நான் கண்ணால் பார்த்தது ஏப்ரலில்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். 2006 முதல் 2010 வரை இங்கே ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தேன். கடைசி இரண்டு வருடமும் கிறிஸ்துமஸ் கமிட்டியின் கணக்கு நோட்டு என் கையில்தான் இருந்தது. அதனால் எந்தப் பணம் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பர்மாவில் கிறிஸ்தவ உயர்கல்விக்குப் பழைய வரலாறு உண்டு. 1920-ல் ரங்கூன் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பாப்டிஸ்டுகளின் ஜட்சன் கல்லூரி அதன் ஓர் அங்கமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது தனிக் கல்லூரியாகத் திரும்ப வரவில்லை. 1960-களில் மிஷன் பள்ளிகளும் அரசுடைமையாகிவிட்டன. மிஞ்சியவை இறையியல் கல்லூரிகள்தான். அவற்றில் சில பிறகு எல்லாரும் படிக்கும்படி கலைப் படிப்புகளைத் தொடங்கின. ரங்கூனின் இன்செயின் பகுதியில் உள்ள மியான்மர் இறையியல் கல்லூரி 2000-ல் அப்படித் தொடங்கியது. 2014 கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் சுமார் 6 சதவீதம். அதில் பெரும்பாலோர் கரேன், கச்சின், சின் போன்ற சிறுபான்மை இன மக்கள். எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மூன்றே பேர்.

இந்தக் கலவையால்தான் எங்கள் டிசம்பர் அவ்வளவு அழகாக இருக்கும். இங்கே கிறிஸ்தவர்கள் அந்த மாதத்தை 'ஸ்வீட் டிசம்பர்' என்றே சொல்வார்கள். நவம்பர் 30 நள்ளிரவு கடந்து டிசம்பர் 1 பிறந்ததும் கிதாரும் கையுமாக ஹாஸ்டல் பையன்கள் பாட ஆரம்பித்துவிடுவார்கள். பண்டிகையை 25-ஆம் தேதி வரை தள்ளிவைக்க எங்களால் முடியாது. வடக்கே மிச்சினா வரை போகிற கச்சின் பிள்ளைகளுக்கு ரயிலிலேயே இரண்டு நாள் ஆகிவிடும். அதனால் டிசம்பர் நடுவிலேயே கல்லூரி விழாவை முடித்துவிடுவோம். விருந்தன்று ஒவ்வோர் இனத்துப் பிள்ளைகளும் தங்கள் வீட்டுச் சமையலைச் செய்வார்கள். கரேன் பிள்ளைகள் மூங்கில் குருத்து போட்டுத் தலபோ காய்ச்சுவார்கள். சின் பிள்ளைகள் சோளமும் மாட்டுக்கறியும் போட்டு சபூட்டி வைப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் ஐந்து விசை (சுமார் எட்டு கிலோ) மாவில் முறுக்கு சுட்டோம். பர்மியக் கடைகளில் இன்றும் விசைக் கணக்குதான்.

சரி, சேவைக்கு வருகிறேன்.

2007 டிசம்பரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். ஆளுக்கொரு சோப்பு, துண்டு, பிஸ்கட் பாக்கெட் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பாடினோம், கொடுத்தோம், ஒன்றரை மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். கடைசிக் கட்டிலில் இருந்த ஒரு தமிழ்ப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளே, நீ தமிழாடி?" என்றார். ஆமாம் பாட்டி என்றேன். அவர் பிஸ்கட் பாக்கெட்டைத் தலையணைக்குக் கீழே வைத்தார். கடிக்கப் பல் இல்லை. "ஒரு வெத்தலை உரல் கெடைக்குமா?" என்று கேட்டார். வெற்றிலை தினமும் கிடைக்கிறதாம், இடித்துப் போட ஒன்றும் இல்லையாம். ஒரு டம்ளரின் அடியால் நசுக்கி நசுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த டம்ளரையும் காட்டினார். அதன் விளிம்பு முழுக்கச் சிவந்திருந்தது.

அடுத்த வாரம் சூரத்தி பஜாரில் தேடி ஒரு சின்னப் பித்தளை உரல் வாங்கிக்கொண்டு போனேன். அது எங்கள் பட்டியலில் இல்லாத செலவு. ஐம்பது பொட்டலம் கட்டிய எங்களில் ஒருவர்கூட முன்கூட்டிப் போய், "என்ன வேண்டும்?" என்று கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அதற்கு அடுத்த மே மாதம் நர்கிஸ் புயல் வந்தது. 2008 மே 2 இரவு ஐராவதி டெல்டாவில் கரை கடந்து, மறுநாள் விடியும்போது ரங்கூனையும் பிய்த்துப் போட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்துச் சுமார் 1,38,000 பேர். எங்கள் கல்லூரியில் டெல்டாக் கரேன் பிள்ளைகள் நிறைய. ஜூனில் வகுப்பு திறந்தபோது சிலருடைய இடம் காலியாக இருந்தது.

அந்த வருடம் கிறிஸ்துமஸை எளிமையாக வைத்து, சேரும் பணத்தையெல்லாம் டெல்டாவுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தோம். பத்து ராத்திரி கேரல் போனோம், வீடு வீடாகப் பாடிக் காணிக்கை வாங்குவதுதான் அது. பேராசிரியர்கள் வீடு, சபை மக்கள் வீடு, தமிழ்க் குடும்பங்கள் என்று நடந்தோம். கல்லூரி வாசலில் லபெயே கடை, அதாவது டீக்கடை, வைத்திருந்த பௌத்தப் பெரியவர் எங்களை உட்காரவைத்து எல்லாருக்கும் டீ கொடுத்து, ஒரு கவரும் கொடுத்தார். மொத்தம் நான்கு லட்சம் கியாட்டுக்குக் கொஞ்சம் மேல் சேர்ந்தது. புதுத் துணியும் பொம்மையும் வாங்க ஒரு லட்சத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எப்படிச் செலவழிப்பது என்று அந்தக் கிராமத்திலேயே கேட்டுவிடுவோம் என்றேன். பாட்டியின் உரல் எனக்கு மறக்கவில்லை.

பஸ்ஸில் பியாபோன் வரை, அங்கிருந்து படகு. அறுபது வீடு உள்ள கரேன் கிராமம். எல்லாம் 'தனி' என்கிற நீப்பா பனையின் ஓலை வேய்ந்த புதுக் குடிசைகள். அங்கே போதகரைத் 'திரா' என்பார்கள், ஆசிரியர் என்று அர்த்தம். திரா எங்களைக் குளத்தங்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"பிள்ளைகளே, துணி எல்லாரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பொம்மையைக் குழந்தைகள் கொண்டாடும், கொடுங்கள். ஆனால் மார்ச் முடிந்தால் இந்தக் குளத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்காது."

டெல்டாவைச் சுற்றிலும் தண்ணீர்தான், குடிக்கிற தண்ணீர்தான் இல்லை. கோடையில் ஆற்றில் உப்பு ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு கிராமமும் மழைக்காலத்தில் நிரம்பும் குளத்தையும், வீட்டில் வைக்கும் பெரிய ஜாடிகளையும் நம்பித்தான் அடுத்த மழை வரை ஓட்டும். புயலில் கடல்நீர் குளத்துக்குள் புகுந்தது, ஜாடிகள் உடைந்தன. உப்புநீரை இறைத்துக் கொட்டிவிட்டார்கள். மழையும் ஓரளவு நிரப்பியது. ஆனால் கரை இடிந்து கிடந்தது. பெரிய அலை எழும்பினால் மறுபடியும் உப்பு உள்ளே வரும். திரா ஒரு குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு நான்கு காலன். ஐம்பது காலன் ஜாடி பன்னிரண்டு நாள் வரும். பெரும்பாலான வீட்டில் ஒரே ஜாடி. ஏப்ரல் மாதம் முழுக்கப் படகில் தண்ணீர் வாங்கித்தான் ஆக வேண்டும், அதற்குக் கிராமத்தில் காசில்லை.

மூன்று நாள் பையன்களும் பெண்களுமாகக் கரைக்கு மண் சுமந்தோம். அது உடனே முடிகிற வேலை. படகுத் தண்ணீருக்கான பணத்தை ஏப்ரல் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் வந்தது. கிறிஸ்துமஸ் நிதியை ஜனவரியிலேயே கணக்கு முடித்துவிட வேண்டும், கிறிஸ்துமஸுக்கென்று கொடுத்த பணத்தைக் கோடைக்கு எப்படி வைத்திருக்கலாம் என்று ஒரு பொறுப்பாசிரியர் கேட்டார். கொடுத்தவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும் என்றார். அது நியாயமான கேள்விதான். அதனால் கொடுத்தவர்களிடமே போய்க் கேட்டோம். ஜனவரி முழுக்க மாலை நேரங்களில் நானும் ஒரு சின் தோழியும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். யாரும் மறுக்கவில்லை. லபெயே கடைப் பெரியவரிடம் சொன்னபோது, "தண்ணீர் தானமா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு இன்னொரு கவர் கொடுத்தார். தெருவோரம் சின்னக் கூரை போட்டு மண்பானையில் தண்ணீர் வைப்பது பர்மியர்களுக்குப் பெரிய புண்ணியம். நம்முடைய தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான். அவருக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச்சில் கல்லூரி மூடியது. ஏப்ரல் முதல் வாரம், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால், எட்டுப் பேர் திரும்பிப் போனோம். குளத்தின் அடியில் கலங்கல்தான் மிச்சம். ஆனால் கரை நின்றிருந்தது, உப்பு உள்ளே வரவில்லை. டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஏற்றிய படகு துறைக்கு வந்ததும் வரிசை நின்றது. தோளில் காவடி மாதிரிக் கழி, இரண்டு பக்கமும் டின். ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டி, அதில் வடிகட்டி ஊற்றினார்கள். ஊற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணும் டின்னில் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வைத்துப் பார்த்திருந்தாலும் தானும் ஒருமுறை. உப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஜாடிக்குள் போனது. ஒரு வயதான அம்மா என்னையும் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். "டா ப்ளூ, டா ப்ளூ" என்றார், கரேனில் நன்றி என்று. அந்தப் பணத்தில் அப்படி ஏழு நடை படகு போனது.

அதற்காகப் பாட்டும் விருந்தும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். டிசம்பரில் அந்தக் கிராமத்தில் இருந்த கடைசி இரவு, மூங்கில் கோயிலில் கேரல் ஆராதனை. புயலுக்கு முன் அவர்களுடைய பாடகர் குழுவில் பன்னிரண்டு பேராம். அன்று நின்றது ஐந்து பேர். கரேன்கள் நான்கு குரலில் பாடுகிறவர்கள். தாழ்ந்த குரலுக்கு ஆளே இல்லை. எங்கள் கூட வந்த டெல்டாப் பையன்கள் இரண்டு பேர், யாரும் சொல்லாமல் எழுந்து போய் அந்த இடத்தில் நின்றார்கள். அவர்கள் பாடத் தொடங்கியதும் முன்வரிசைப் பெண் ஒருவர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனாலும் பாடுவதை நிறுத்தவில்லை. அந்த இரவை நாங்கள் எந்தக் கணக்கில் எழுத முடியும்? ஏப்ரலில் திரும்பிப் போனபோது திரா முதலில் விசாரித்தது, "அந்த இரண்டு பையன்களும் வந்திருக்கிறார்களா?" என்றுதான். வந்திருந்தார்கள்.

உங்கள் கமிட்டி பட்டியலை முடிவு செய்வதற்கு முன்னால் நீங்கள் போகப்போகிற இடத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு வராமல், கடைசிக் கட்டில் வரைக்கும் போங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் பாதிப் பேர் கூச்சத்தில் "ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். "எந்த மாதம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள், பேசுவார்கள். சில இல்லங்களில் டிசம்பரில் கேக் குவிந்து கிடக்கும். ஜூனில் மழை ஒழுகும்போது கூரைக்குத் தகரம் வாங்கிப் போட ஆள் இருக்காது. பணம் கொடுப்பவர்களிடமும் கேரல் போகும்போதே, "இதில் பாதியைக் கோடைக்கு எடுத்து வைக்கப்போகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டதால்தான் நாங்கள் ஜனவரி முழுக்க வீடு வீடாக ஏற வேண்டியிருந்தது. அப்புறம், திரும்பிப் போகும் எட்டுப் பேர் யார் என்பதை டிசம்பரிலேயே பேசி வைத்துவிடுங்கள். விடுமுறை விட்ட பிறகு ஆள் சேர்ப்பது ரொம்பக் கஷ்டம்.

2021-ல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு வந்த இரவு ஊரடங்கால் ரங்கூனில் இரவு கேரல் வெகுவாகக் குறைந்துவிட்டது. எங்கள் சபைப் பிள்ளைகள் பகலில் போகிறார்கள். போன வருடம் கவர் வாங்க என் வீட்டுக்கு வந்த பெண்ணிடம், கோடைக்கு எவ்வளவு எடுத்து வைக்கிறீர்கள் என்று கேட்டேன். கையிலிருந்த நோட்டைப் புரட்டிக் காட்டினாள். ஏப்ரலுக்குத் தனிப் பக்கம் போட்டிருந்தாள்.