சீனியரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: திருச்சியில் பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனத்தில் இருக்கிறார். முன்பின் பழக்கமில்லை. அவரிடம் வேலை கேட்டு எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதுங்கள், ஆனால் எடுத்த எடுப்பில் ‘வேலை வாங்கித் தாங்க அண்ணா’ என்று ரெஸ்யூமை அனுப்பிவிட்டால் மனுஷன் பதில் போடவே தயங்குவார், ஏனென்றால் ஒரே மெயிலில் வேலை கொடுக்கிற அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. இருபது நிமிடம் போனில் பேச நேரம் கேளுங்கள். அவர் அன்றாடம் என்ன செய்கிறார், ஆபரேஷன்ஸில் சேர்ந்தவர் ரிசர்ச் பக்கம் போக முடியுமா, இதெல்லாம் எந்த வெப்சைட்டிலும் கிடைக்காது. அதற்கு முன்னால் நீங்களும் கொஞ்சம் உழைத்திருக்க வேண்டும், சரியா? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி தொடங்கிய என்.ஐ.எஸ்.எம் என்கிற பயிற்சி நிறுவனம் நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வை எழுதிப் பாருங்கள், 50 சதவீதம் எடுத்தால் பாஸ். சி.ஏ பக்கம் ஆசை இருந்தால் ஆர்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் எடுக்கிற கட்டாயப் பயிற்சி, 2023 முதல் இரண்டே வருடம்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், அவர் சொன்னதில் ஒன்றைச் செய்துவிட்டு இரண்டு மாதம் கழித்து ‘முடித்துவிட்டேன்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை.