சல்ஃபைட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூடியைப் பாருங்கள்

கேள்வி: தெற்கு பிரான்சின் லாங்டாக்கில் ஒரு சிறு குடும்பம் நடத்தும் இயற்கைத் திராட்சைத் தோட்டத்தின் சிவப்பு ஒயின் என்று சொல்லி, பாரிஸ் கடையொன்றில் விற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை விவசாயச் சான்றான பச்சை இலை முத்திரை இருக்கிறது; பின்னால் ‘சல்ஃபைட் உள்ளது’ என்றும் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அந்த வரியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சாறு நொதிக்கும்போது ஈஸ்டே கொஞ்சம் சல்ஃபைட்டை, அதாவது கந்தகச் சேர்மத்தை, உண்டாக்கும். ஒயின் கெடாமலிருக்க மேலும் சிறிது சேர்ப்பார்கள். இயற்கை ஒயினுக்கும் இதற்கு அனுமதி உண்டு. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் எழுதியாக வேண்டும். இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் 150 வரை இருக்கலாம். இலை முத்திரை பெற்றதில் 100தான். ‘சல்ஃபைட்டே இல்லாதது’ என்று கூடுதல் விலை சொல்பவரிடம் ஆய்வக அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றிவிடுவார்.

நான் சந்தேகப்படுவது ‘சிறு குடும்பம்’ என்பதைத்தான். இலைக்குச் சான்றளித்தவரின் குறியீடு பக்கத்திலேயே இருக்கும். குடும்பத்துக்கு யார் சான்று? லேபிளில் பழைய கல்வீட்டை வரைய ஓர் ஓவியர் போதும். பல தோட்டங்களின் ஒயினை மொத்தமாக வாங்கிக் கலந்து, அழகான பெயர் சூட்டி விற்கும் வியாபாரிகள் அங்கே ஏராளம், ‘நெகோசியான்’ என்பார்கள். மூடியின் மேலுறை உச்சியில் வரி முத்திரை இருந்தால் பாருங்கள் (2019 முதல் அது கட்டாயமில்லை): அதில் ‘ஆர்’ (R) என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் விளைவித்தவர், ‘என்’ (N) இருந்தால் நெகோசியான்.

‘மிஸ் ஆன் பூத்தேய் ஆ லா ப்ரொப்ரியேத்தே’, அதாவது ‘தோட்டத்திலேயே அடைத்தது’ என்ற வாசகத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். கூட்டுறவு ஆலைகளும் இதைப் போடலாம். சட்டத்தின் கண்ணில் ஆலை, உறுப்பினர் தோட்டத்தின் நீட்சி. இது மோசடி அல்ல. தொட்டி வாங்க வசதியில்லாத லாங்டாக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பழத்தை அங்கேதான் கொடுக்கின்றன. நல்ல ஒயினும் வருகிறது. ஆனால் அண்டை வீட்டாரின் பழமும் அதே தொட்டியில் விழுந்திருக்கலாம். அதற்குத் தனித் தோட்டத்து விலை கொடுப்பானேன்?

இத்தனைக்கும் செயற்கை மருந்தைத் தொடாதவர்தான் மூன்று ஆண்டு காத்திருந்து, கட்டணமும் கட்டி, சான்று வாங்க வேண்டும். தெளிப்பவர் எந்த மருந்தென்று லேபிளில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். என்ன நியாயமோ!

மேலுறையை இன்னும் கிழிக்கவில்லை என்றால், முதலில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.