நாகியின் தலையாட்டல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொல்லித்தான் 'நாகி நோ ஒயிதோமா' என்கிற ஜப்பான் தொடரைப் பார்த்தேன். 2019இல் வந்தது, பத்தே எபிசோட். எனக்குக் கோபம்தான் வந்தது. நாகிக்குக் கல்யாணம் ஆகவில்லை, கையில் சேமிப்பு இருக்கிறது, வேலையை விட்டுப் போய்விட்டாள். வீட்டிலும் ஆபீஸிலும் 'பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன்' என்றே காலத்தை ஓட்டுகிற நான் எங்கே போவது?

பெயர் வேண்டாம்

அன்புள்ள 'பெயர் வேண்டாம்' அவர்களுக்கு,

கோபம் நியாயம்தான். முதல் எபிசோடோடு நிறுத்தினால் அது காசிருந்தால் நடக்கிற கதை. 28 வயதுப் பெண், சுருட்டை முடியைத் தினமும் இழுத்து நேராக்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவள், ஒரு நாள் மூச்சு முட்டி விழுகிறாள், அப்புறம் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தோக்கியோவின் மேற்குப் பகுதியான தச்சிகாவாவில் ஏசி இல்லாத ஒரு அறைக்குப் போய்விடுகிறாள்.

ஆனால் அங்கே போயும் அவள் மாறவில்லையே! பக்கத்து அறை கோன் சிரித்ததும் மறுபடி எல்லாவற்றுக்கும் 'சரி' என்கிற அதே தலையாட்டல். (நாகியாக நடிக்கிற குரோகி ஹாரு அந்தத் தலையாட்டலில் எத்தனை விதம் காட்டுகிறார், அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.)

கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததைப் புரிந்துகொண்டு நடப்பதை ஜப்பானில் 'காற்றைப் படிப்பது' என்பார்கள். நாகி என்றால் கடலில் காற்று நின்றுபோகிற நேரம். நாள் முழுக்கக் காற்றைப் படிக்கிறவளுக்கு இந்தப் பெயர்! அவளை மட்டம்தட்டுகிற காதலன் ஷின்ஜியும் ஆபீஸில் அதே படிப்புத்தான் படிக்கிறான், பிறகு தெருவில் நின்று தேம்பி அழுகிறான்.

எனக்குத் தொடரே ஒரு பார் காட்சியில்தான் இருக்கிறது. நாலு பேரிடம் பேச வரவில்லை என்று திணறுகிற நாகியிடம் அந்த பாரை நடத்துகிறவர், உனக்கு எதிரில் இருக்கிற ஆள் மேல் அக்கறையே இல்லை, அதனால்தான் பேச்சு வரவில்லை என்கிற மாதிரி சொல்கிறார். சுருக்கென்றது. நல்லவள் என்றல்லவா நாம் நம்மை நினைத்துக்கொண்டிருந்தோம்? என் தோழி ஒருத்தி பேசப் பேச வருஷக்கணக்காக 'ஆமா ஆமா' போட்டிருக்கிறேன், அவள் ஆபீஸில் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, அவள் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக்கூடாது என்பதிலேயே என் கவனம் முழுக்கப் போயிருக்கிறது.

ஒயிதோமா என்பது விருந்துக்குப் போன வீட்டில் 'அப்ப நாங்க கிளம்பறோம்' என்கிறோமே, அதற்கு ஜப்பானியர் சொல்கிற சொல். வேலையை விட்டால்தான் கிளம்பினதாக ஆகும் என்றில்லை. அடுத்த முறை 'நான் பார்த்துக்கறேன்' வாயில் வருவதற்குள், 'ஏன், உங்களுக்கு இன்னைக்கு என்ன வேலை?' என்று கேட்டுப் பாருங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்கிற ஆசையோடு. என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.